பட்டுக்கு முத்திரை உண்டு, பாட்டிக்கு?

எங்க ஊருக்குப் புடவை எடுக்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? காந்தி ரோட்டுக் கடைகளில் அரை மணி நேரம் குறுக்கு விசாரணையே நடக்கும். சில்க் மார்க் இருக்கா? கைத்தறியா, பவர்லூமா? கோர்வை போட்டதா? ஜரிகை அசல்தானா? ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. சில்க் மார்க் 2004-ல் வந்தது. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி வைக்க 1985-லேயே ஒரு தனிச்சட்டம் போட்டார்கள்.

நல்லது. எல்லாம் வேண்டியதுதான். புடவை விஷயத்தில் யாரும் ஏமாறக்கூடாது.

அதே ஊரில், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலமாக ஒருவரை வைக்கிறோம். அப்போது என்ன கேட்கிறோம்? "மாசம் எவ்வளவு?" "நைட்டும் இருப்பாங்களா?" அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. கட்டுகிற பட்டுக்குக் கேட்கும் கேள்வியில் பாதிகூட, பெற்றவளைத் தொட்டுத் தூக்கப்போகிற கைக்குக் கேட்பதில்லை. கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

"அதெல்லாம் சென்னைக்காரங்க பிரச்சினைப்பா" என்று தள்ளிவிட முடியாது. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். 2031-ல் இது 18-ஐத் தாண்டும் என்று மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது. பிள்ளையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். குழித்தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்து முதுகும் முழங்காலும் தேய்ந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஷிப்டுக்குப் போகிறார்கள். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பகலில் யார் பார்ப்பது? ஆள்தான் வைக்க வேண்டும். ஆள் வைப்பதில் தப்பே இல்லை. எப்படிப்பட்ட ஆள் என்று கேட்காமல் வைப்பதுதான் தப்பு.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டிக்கு ஏஜென்சியிலிருந்து "ஹோம் நர்ஸ்" என்று ஒரு அக்காவை அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டெல்லாம் போட்டிருந்தார். மூன்றாவது வாரம் பாட்டிக்கு இடுப்பில் படுக்கைப் புண். விசாரித்தால், அந்த அக்கா போன மாசம் வரை ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை. வீட்டுக்காரர்கள் அந்த அக்காவைத் திட்டி அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சி மறுநாளே இன்னொரு அக்காவை அனுப்பியது. அதே கோட்டு!

திட்ட வேண்டியது அந்த அக்காவையா? மூக்கு வழியே ட்யூப் போட்டவருக்குத் தலையை உயர்த்தி வைத்துத்தான் உணவு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தராமல் விட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இதெல்லாம் பாசத்தால் தானாக வந்துவிடும் அறிவு இல்லை. யாராவது கற்றுத்தர வேண்டும், கற்றுக்கொண்டாரா என்று சோதிக்க வேண்டும். "நம்பிக்கையான ஆள்" என்பது குணத்துக்கான சான்றிதழ், தொழிலுக்கானது இல்லை.

சரி, சட்டம் என்ன செய்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. ஜீவனாம்சம் பற்றியும் முதியோர் இல்லம் பற்றியும் பேசிய அந்தச் சட்டம், வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைத் தொடவில்லை. 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதாவை மக்களவைக்குக் கொண்டு வந்தார்கள். இப்படிப்பட்ட நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற, போலீஸ் சரிபார்த்த ஆட்களைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. அறிக்கையும் வந்தது. அதோடு சரி. 2024 ஜூனில் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி. நாலரை வருஷம் கிடந்து செத்துப்போனது. படுக்கைப் புண்தான், வேறென்ன?

2018 பிப்ரவரியில் நம் மாவட்டத்தின் பாலேஸ்வரம் கருணை இல்லம் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது ஞாபகம் இருக்கலாம். புகார்களில் எது உண்மை, எது பொய் என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். அது ஒரு நிறுவனம். கேட் இருந்தது, போர்டு இருந்தது. அதனால் அதிகாரிகள் உள்ளே போக முடிந்தது, அங்கிருந்த நூற்றுக்கணக்கானவர்களை வேறு இடங்களுக்கு மாற்ற முடிந்தது. உங்கள் வீட்டு உள்ளறையில் நடப்பதை யார் வந்து பார்ப்பார்கள்? பாட்டியால் பேசக்கூட முடியாது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. பிசியோதெரபியும், படுத்த படுக்கையானவர்களுக்கான பராமரிப்பும் அதில் உண்டு. ஆனால் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். பன்னிரண்டு மணி நேரம் கூடவே இருப்பவர் ஏஜென்சி அனுப்பும் ஆள்தான்.

"தரம், பயிற்சின்னு ஆரம்பிச்சா சம்பளம் ஏறிடும், நெசவாளி வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?" நியாயமான கேள்வி. ஆனால் படுக்கைப் புண் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆகும் செலவு மட்டும் கட்டுப்படியாகுமா? நான் கேட்கும் குறைந்தபட்சம் இவ்வளவுதான்:

1. அனுப்பப்படும் ஆளின் அடையாளமும் போலீஸ் சரிபார்ப்பும் எழுத்தில் வேண்டும்.
2. "நர்ஸ்" என்று சொன்னால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண் வேண்டும். இல்லையென்றால் "உதவியாளர்" என்று சொல்லி அனுப்பட்டும். கோட்டு வேண்டாம்.
3. மாத்திரை, ஊசி, புரட்டிய நேரம், சாப்பாடு எல்லாம் எழுத ஒரு நோட்டு. விலை ஐம்பது ரூபாய்.
4. மாதம் ஒருமுறையாவது ஏஜென்சியிலிருந்து தகுதியான ஒரு நர்ஸ் வந்து நோயாளியின் முதுகையும் நோட்டையும் பார்க்க வேண்டும்.
5. அந்த அக்காவுக்குக் கையுறை, தூங்க நேரம், வார விடுமுறை. 24 மணி நேரம் கண் விழித்தவர் கையில் இன்சுலினைக் கொடுப்பது பாட்டிக்கும் ஆபத்து.

இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆணையம் சோதித்து நாலு தரமாகப் பிரித்து வெளியிடுகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தனித்தனியாக இருந்த நெசவாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாக்கி, தரம் பார்த்து, கூலி நிர்ணயித்துக் காட்டிய ஊர் இது. பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏன் கூடாது? பயிற்சியைச் சங்கம் தரட்டும், புகாரைச் சங்கம் கேட்கட்டும், ஏஜென்சி எடுக்கும் கமிஷன் அந்தப் பெண்கள் கையிலேயே சேரட்டும்.

அதுவரை ஒரே ஒரு காரியம் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஏஜென்சிக்கு போன் போடும்போது, சம்பளம் கேட்பதற்கு முன்னால் மேலே சொன்ன ஐந்தையும் கேளுங்கள். எதிர்முனையில் பதில் இல்லையென்றால், ஜரிகை போலி என்று தெரிந்த புடவையைப் போலத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பட்டு கிழிந்தால் வேறு எடுக்கலாம் மக்களே.