பழைய வண்டிக்குப் பழைய சக்கரம்

வாசகர்களே, சக்கரத்தைப் பற்றி ஒரு குடும்பப் பகுதியில் எழுதலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். மலைநாட்டிலே கெப் வண்டி ஒன்று இருக்கும் வீட்டில் அது தொழிலுக்கு மட்டுமா உதவுகிறது? பகலில் மிளகும் மரக்கறியும் ஏற்றும் அதே வண்டிதான் இரவில் லயத்து நோயாளியைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆகையால் அதன் சக்கரம் வீட்டு விஷயமே.

என் தங்கையின் மகன் பசறைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் இருக்கிறான். அவனுடைய டொயோட்டா ஹைலக்ஸ் தொண்ணூறுகளில் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இவ்வகைப் பழைய வண்டிகளுக்கு மவுசு ஏறிற்று. 2025 பெப்ரவரியில் சொந்த வாகனங்களுக்கும் தடை நீங்கியதென்றாலும், வரியையும் சேர்த்துப் புதிது வாங்க எல்லோராலும் இயலுமா? இருப்பதைப் பேணிக் கொள்வதே நம்மவர் வழியாயிற்று.

தோட்டத்துப் பாதையில் அடிபட்டு அவனது இரும்பு ரிம்கள் வளைந்து போயின. அவற்றுள் நான்கைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் மேலதிகச் சக்கரமாக வைத்துக்கொண்டு, பாவித்த அலோய் வீல் நான்கு வாங்கிப் பூட்டினான். விற்றவர், “பழைய நட்டே போதும் தம்பி” என்றாராம். பையனும் நம்பினான்.

சென்ற ஆண்டு ஒரு மழை இரவில், பிள்ளைப்பேற்று வலி கண்ட பெண் ஒருத்தியையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பதுளை நோக்கி வருகையில், முன்புறத்து இடது சக்கரம் ‘டக் டக்’ என்று ஒலித்தது. வளைவு ஒன்றில் நிறுத்தி டோர்ச் அடித்துப் பார்த்தான். ஆறு நட்டுகளில் ஒன்றைக் காணோம். நான்கு கையாலேயே சுழன்றன! மறுபுறம் பள்ளம். இரும்புச் சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டுகளோடு மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள். தாயும் சேயும் நலம். ஆனால் அந்த மாமியார் இன்றளவும் அவ்வண்டியில் ஏற மறுக்கிறார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை.

காரணம் வெகு சிறியது. இரும்பு ரிம்முக்குரிய நட்டின் முனை கூம்பு வடிவானது. அந்த அலோய் வீலோ, தட்டையான வாஷர் கொண்ட நட்டு அமர்வதற்கென வார்க்கப்பட்டது. தட்டை இடத்தில் கூம்பை இறுக்கினால் அது துளையின் விளிம்பை மாத்திரமே பற்றும். அலுமினியம் மிருதுவானதாதலால் விளிம்பு தேய்ந்து பிடி தளரும். அவ்வீலின் துளைகள் நீள்வட்டமாகிவிட்டன. மறுபடியும் வீல் தேடவேண்டியதாயிற்று. இம்முறை, “மாமா, நீங்களும் வாருங்கள்” என்று என்னை அழைத்துச் சென்றான்.

பண்டாரவளையில் ஒருவர் அழகான நான்கு வீல்களைக் காட்டினார். மிட்சுபிஷி கெப்பிலிருந்து கழற்றியவை. ஆறு துளை, எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் 139.7 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். ஹைலக்ஸின் நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் அதே அளவுதான். பையன் முகம் மலர்ந்தது. ஆனால் நடுவாயிலை அளந்தபோதோ அது 67 மில்லிமீற்றர். எங்கள் ஹப்புக்கு வேண்டியது 106. “கடைசலில் கொடுத்து அகட்டிவிடலாம்” என்றார் அவர். அகட்டினால் நடுவாயிலுக்கும் துளைகளுக்கும் இடையே ஒரு விரலகல உலோகங்கூட மிஞ்சாதே! மரியாதையாக விடைபெற்றுக்கொண்டோம். இரு சக்கர இழுவை ஹைலக்ஸ் பலவற்றில் துளை ஐந்து, அளவு 114.3 என்பதையும் வாங்குவோர் மறத்தலாகாது.

ஆஃப்செட் என்றொரு அளவும் உண்டு. ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. 2005க்குப் பின் வந்த ஹைலக்ஸின் வீலில் அது 30 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பழைய வண்டிக்கு வேண்டியது அதனிலும் குறைவு. நடுவாயில் பொருந்தினாலும் சக்கரம் உள்ளே ஒதுங்கி, அகலமான டயரானால் வளைவில் உராயும். வாங்குமுன் ஒன்றை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிடுவது நன்று.

இறுதியில் ஹாலிஎலைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில், எங்கள் வண்டியின் காலத்தது போன்ற ஒரு ஹைலக்ஸிலிருந்து கழற்றிய வீல்கள் கிடைத்தன. உட்புறத்தில் தாங்கும் பாரமும், ஜே.டபிள்யூ.எல்.-டி. என்ற எழுத்துகளும் வார்க்கப்பட்டிருந்தன. அது பாரவண்டிக்கும் பேருந்துக்கும் உரிய ஜப்பானிய முத்திரை, டி. இல்லாதது கார்களுக்குரியது. மூட்டை ஏற்றுகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நான் டயர்களைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கராஜ் பாஸுக்குக் கொஞ்சம் கோபந்தான். ஆயினும் கழற்றினார். ஒன்றின் உள்விளிம்பில் புது வர்ணத்தின் கீழே வெல்டிங் தழும்பு தெரிந்தது. வெப்பம் பட்ட அலுமினியம் அவ்விடத்தில் வலுவிழந்திருக்கும். பள்ளம் நிறைந்த பாதையில் அதை யார் நம்புவது? அவரே வெட்கப்பட்டு உள்ளிருந்து வேறொன்றைக் கொணர்ந்தார். நான்கையும் பாலன்சிங் யந்திரத்தில் சுழலவிட்டு, ஆட்டமில்லை என்று கண்டபின்னரே பணம் கைமாறிற்று. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. அதைப் படித்த பின் டயர்களை வேண்டாமென்று விட்டுவிட்டோம். பத்து வருடத்துக்கு மேற்பட்டவை.

தட்டை வாஷர் நட்டுகள் இருபத்து நான்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்தோம். பூட்டி எண்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு அவற்றை மறுபடி இறுக்கினான். மேலதிகச் சக்கரம் இன்னும் பழைய இரும்பே. அதற்குக் கூம்பு நட்டு வேண்டுமன்றோ? ஆறு கூம்பு நட்டுகளை என் தங்கை ஒரு பால்மா டின்னிலிட்டு, மூடியின் மேல் ‘ஸ்பெயார்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதி, ஆசனத்தின் கீழே வைத்திருக்கிறாள்.