ஒரு மணி நேர வேலை

கார் ரிப்பேரைத் தானே பார்த்துக்குறவங்க எல்லாரும் வீட்டுல ஒரு பொய் சொல்வாங்க. "செலவு மிச்சம்." நானும் சொல்லியிருக்கேன். முப்பது டாலர் சாமானை மாட்ட நூத்தி இருபது டாலருக்கு டூல்ஸ் வாங்கிட்டு, "டூல்ஸ் ஒரு தடவை வாங்கினா போதும், அடுத்த தடவை செலவே இல்ல" அப்படின்னு கணக்கு காட்டின ஆள் நான். அடுத்த தடவைக்கு வேற டூல் வேணும்ங்கறது தனிக் கதை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என்கிட்ட இருக்குறது 1994 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட்டு, மடக்கி வைக்கிற கூரை, 1.8 லிட்டர் இன்ஜின், சுவிட்சைத் தட்டினா முழிச்சுப் பார்க்கிற ஹெட்லைட். 1989-ல சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான வண்டி. 2016-ல பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்துச்சு. கூரை திறக்கிற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்ல இவ்வளவு வித்தது வேற கிடையாது.

இந்த வண்டியை நான் வாங்கினதுக்குக் காரணமே எல்லாரும் சொன்ன ஒரு வார்த்தைதான்: "ஈசி". ஸ்போர்ட்ஸ் கார்லயே நாமளே கழட்டி மாட்ட இதைவிட சுலபமானது இல்லைன்னு சொன்னாங்க. அது உண்மையும்கூட. இன்ஜின் நீளவாக்குல உட்கார்ந்திருக்கும், வேண்டாத எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஓடும்போது டைமிங் பெல்ட் அறுந்தாலும் என் மாடல்ல வால்வும் பிஸ்டனும் மோதிக்காது. புது பெல்ட் மாட்டிக்கிட்டுப் போயிடலாம். நம்ம தப்பையெல்லாம் பொறுத்துக்கிற வண்டி.

ஆனா என் கருத்து என்னன்னா, இந்த "ஈசி"தான் பெரிய கண்ணி.

சர்வீஸ் மேனுவல்ல ஒரு வேலை ஒரு மணி நேரம்னு போட்டிருந்தா, அது யாருக்கான ஒரு மணி நேரம்? வண்டி லிஃப்ட்ல ஏறி நிக்கணும், எல்லா போல்ட்டும் நேத்து மாட்டின மாதிரி கழண்டு வரணும். நம்ம நிலைமை என்ன? ஒஹையோ குளிர்ல ரோட்டுல கொட்டுற உப்பைப் பல வருஷம் குடிச்ச வண்டி. ஜாக் ஸ்டாண்ட் மேல ஒண்ணரை அடி உயரத்துல நிக்குது. கீழே அட்டை விரிச்சு மல்லாந்து படுத்தா, துரு நேரா கண்ணுல விழும். "போல்ட்டைக் கழட்டவும்" அப்படின்னு மேனுவல்ல ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை போயிருக்கு. எண்ணெய் அடிச்சு, காத்திருந்து, சூடு காட்டி, கடைசியில போல்ட் தலை மட்டும் தனியா கையில வந்து... அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் கூட சகிச்சுக்கலாம். காசும் நேரமும்தானே போகுது. காசோட போகாத ஒரு விஷயம் போன வருஷம் நடந்தது.

பின் சக்கர பிரேக் பேட் மாத்தணும். ஒரு மணி நேர வேலை. புது பேட் தடிமனா இருக்கும், அதனால கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினாத்தான் உட்காரும். முன் சக்கரத்துல சி-கிளாம்ப் வச்சு அழுத்தினா போயிடும். பின்னாடி அப்படி இல்லை. ஹேண்ட்பிரேக் வேலை செய்யறதும் அதே பிஸ்டன் மூலமாத்தான். அதனால உள்ளே ஒரு திருகு அமைப்பு இருக்கு. கேலிப்பர் பின்பக்கம் ஒரு சின்ன போல்ட்டை எடுத்துட்டு, உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டுத் திருகினா பிஸ்டன் சமத்தா உள்ளே போகும். இது மேனுவல்லயே இருக்கு. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கலை. அதான் ஈசியாச்சே!

சி-கிளாம்ப் போட்டு அழுத்தினேன். போகலை. இன்னும் அழுத்தினேன். டஸ்ட் பூட் ரப்பர் கிழிஞ்சு, கேலிப்பர் நாசம்.

அப்பவே நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. வேற கேலிப்பர் வாங்கினேன். அதை மாட்ட பிரேக் ஹோஸைக் கழட்டணும். ஹோஸ் சேருற இடத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பு வாஷர் இருக்கும். இறுக்கும்போது நசுங்கி, அந்த நசுங்கல்லதான் ஃப்ளூயிட் கசியாம நிக்கும். அதனால கழட்டினா புதுசு போடணும். புது வாஷர் ஒரு டாலர் கூட இருக்காது. ஆனா ஞாயிறு சாயந்திரம், கடை சாத்தியாச்சு, மறுநாள் வண்டி வேணும். பழைய வாஷரைத் துடைச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. போட்டு இறுக்கினேன். காத்தை வெளியேத்தினேன், பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. கையைக் கழுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தப்ப என்னை மாதிரி ஒரு மெக்கானிக் இந்த ஊர்லயே இல்லைன்னு நினைப்பு.

மறுநாள் காலையில மனைவியை ஸ்டேஷன்ல விடக் கிளம்பினேன். டேஷ்போர்டுல பிரேக் லைட் எரிஞ்சுது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் அந்த லைட்தான், ஃப்ளூயிட் குறைஞ்சாலும் அதே லைட்தான். லிவரை ஒரு தட்டு தட்டிட்டு, "நேத்து கழட்டி மாட்டினதுல சுவிட்ச் சரியா உட்காரலை போல" அப்படின்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அடுத்த சிக்னல்ல மிதிச்சப்ப பெடல் பாதாளத்துக்குப் போச்சு.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனிப் பாதை. ஒண்ணு கசிஞ்சாலும் இன்னொண்ணு பிடிக்கும். அப்படி யோசிச்சு வடிவமைச்ச யாரோ ஒருத்தர் புண்ணியத்துல முன் சக்கரம் மட்டும் பிடிச்சு, கோட்டைத் தாண்டி பாதி ரோட்டுல போய் வண்டி நின்னுச்சு. குறுக்கே வந்த வேன்காரர் ஹாரன் அடிச்சுட்டு ஒதுங்கிப் போனார். யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

மனைவி திட்டலை. வீட்டுக்குத் திரும்பின அப்புறம் ஒண்ணுதான் கேட்டாங்க. "ஏங்க, அந்த லைட் எரிஞ்சப்ப, நீங்க தொடாத வண்டியா இருந்தா ஓட்டியிருப்பீங்களா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா ஓட்டியிருக்க மாட்டேன். வேற ஒருத்தர் வேலை பார்த்த வண்டின்னா இறங்கிப் பார்த்திருப்பேன். என் வேலைங்கறதால லைட் மேல சந்தேகப்பட்டேன், என் மேல படலை.

"மெக்கானிக் மட்டும் தப்பே பண்ண மாட்டாரா?" அப்படின்னு கேப்பீங்க. பண்ணுவார். ஆனா அவருக்கு அது வேலை. பழைய வாஷர் கசியும்னு அவர் பத்து தடவை பார்த்திருப்பார். முக்கியமா, நாளைக்கு முடிக்கலாம்னு வண்டியை ஸ்டாண்ட்லயே விட்டுட்டு வீட்டுக்குப் போக அவரால முடியும். நம்மால முடியறதில்லை. ஞாயிறு சாயந்திரம், கை முழுக்க கிரீஸ், இன்னும் ஒரே ஒரு போல்ட்தான். அந்த நேரத்துல "போதும்"னு சொல்றதுதான் இந்தப் பொழுதுபோக்குலயே கஷ்டமான வேலை. அதை எந்த மேனுவலும் சொல்லித் தரலை.

அதுக்காக ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுட்டேன்னு நினைக்காதீங்க. ஆயில், பெல்ட், ரேடியேட்டர் எல்லாம் இன்னமும் நான்தான். பிரேக்கும் நான்தான், ஆனா சில விதிகளோட. புது சாமான் கையில இல்லாம பழசைக் கழட்டக் கூடாது. மறுநாள் வண்டி தேவைன்னா இன்னைக்கு பிரேக்கைத் தொடக் கூடாது. முடிச்சதும் நாலு சக்கரத்துக்கும் கீழே நியூஸ்பேப்பர் விரிச்சு ஒரு ராத்திரி விடணும். காலையில ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வண்டி நகரக் கூடாது. அப்புறம் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காசு கொடுத்துக் காட்டணும். அவர் பார்த்துத் தலையாட்டினாத்தான் பக்கத்து சீட்டுல ஆள் ஏறலாம்.

இப்படிப் பார்த்தா செலவு மிச்சமான்னு கேட்டா, இல்லை. இப்பல்லாம் வீட்டுல அந்தப் பொய்யையும் சொல்றதில்லை :-)