ஸ்வெட்டர் கொடுத்தாச்சு, கணக்கு எங்கே?

போன வாரம் ஆபீஸ்ல காபி மெஷின் பக்கத்துல ஒரு பெரிய அட்டைப்பெட்டி முளைச்சிருந்தது. முன்னாடி தேசியக்கொடி ஒட்டி, "எல்லையில் நடுங்கும் நம் வீரர்களுக்கு உங்கள் பழைய ஸ்வெட்டர், கம்பளி" என்று எழுதியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஆன்சைட் போனப்ப வாங்கின, ஜிப் போன ஜெர்கின் ஒண்ணு. குழந்தைங்க போடற குரங்கு குல்லா ஒண்ணு. ரயில்ல ஏசி கோச்சுல கொடுப்பாங்களே, அந்த மாதிரி கம்பளி ஒண்ணு (அங்கேர்ந்தே வந்ததோ என்னமோ!).

நான் எதுவும் போடலை. "என்னப்பா, உனக்கு தேசபக்தியே கிடையாதா?"ன்னு டீம் லீட் சிரிச்சுக்கிட்டே கேட்டார். அவருக்கு அங்க சொல்லாத பதில்தான் இது.

எங்க பாட்டிக்கு 1962ல 14 வயசு. மதுரைப் பக்கம் ஒரு ஊர். அந்த ஊர்ல ஸ்வெட்டர் போட்ட மனுஷனை யாரும் பார்த்ததே இல்லை. சீனாவோட சண்டைன்னு செய்தி வந்ததும் ஸ்கூல் டீச்சர் ஆளுக்கு ரெண்டு ஊசியும் கம்பளி நூலும் கொடுத்து, ஜவான்களுக்குப் பின்னச் சொன்னாங்களாம். "ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா வந்துச்சு. எந்த மகராசன் போட்டானோ"ன்னு பாட்டி இன்னைக்கும் சொல்லும். நாடு முழுக்க அப்படித்தான். தேசிய பாதுகாப்பு நிதிக்கு பொம்பளைங்க வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. அந்த மனசை நான் கிண்டல் பண்ணலை சாமி.

ஆனா அந்த ஸ்வெட்டர் ஏன் தேவைப்பட்டது? அதை யாரும் கேட்கறதில்லை.

1962 அக்டோபர் 20ஆம் தேதி, இன்னைக்கு அருணாசலப் பிரதேசம்னு சொல்ற இடத்துல, நம்கா சூ ஆத்தங்கரையில சீனப்படை தாக்கினப்ப அங்க நின்னது நம்ம 7வது பிரிகேட். பத்தாயிரம் அடிக்கு மேல, குளிர் இறங்கற நேரம். ஜவான்கள் போட்டிருந்தது சமவெளிக்கான பருத்தி யூனிஃபார்ம், கால்ல கேன்வாஸ் ஷூ. அந்த பிரிகேடியர் ஜான் தள்வி கைதியாப் பிடிபட்டுத் திரும்பி வந்து, பிறகு 'ஹிமாலயன் பிளண்டர்'னு புத்தகமே எழுதினார். முன்னாடி போய் நில்லுன்னு உத்தரவு போட்ட டில்லிக்கு, அங்க குளிரும்னு தெரியாதா?

சீனா சண்டை நிறுத்தம்னு அறிவிச்சது நவம்பர் 21. மொத்தமே ஒரு மாசம். பாட்டி ரெண்டாவது கையைப் பின்னி முடிக்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சு போச்சு!

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்ததில்லை. 1941 ஜூன்ல சோவியத் யூனியன் மேல பாய்ஞ்ச ஹிட்லர், குளிர் வர்றதுக்குள்ள ஜெயிச்சிடலாம்னு கணக்குப் போட்டான். அதனால மொத்தப் படைக்கும் குளிர் உடுப்பு ஏற்பாடு பண்ணவே இல்லை. டிசம்பர் 20ஆம் தேதி கோயபல்ஸ், மக்களே கம்பளி கொடுங்கன்னு வேண்டுகோள் விட்டான். 6 கோடி உருப்படிக்கு மேல சேர்ந்துச்சு. அதுக்குள்ள ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் கை கால் விரல் போயாச்சு. அந்தக் குளிர்காலத்துக்குக் கொடுத்த மெடலுக்கு சிப்பாய்களே வெச்ச பேரு 'உறைஞ்ச கறி மெடல்'.

நம்ம ப்ராஜெக்ட்லயும் இதானே நடக்குது? மேல இருக்கறவங்க தப்பா ப்ளான் போடுவாங்க. கடைசி வாரம் பசங்க ராத்திரி பகலா முழிச்சு முடிப்பாங்க. "சூப்பர் டீம் ஸ்பிரிட்"னு மெயில் வரும், பீட்சா வரும். ப்ளான் போட்டது யாருன்னு மட்டும் கேட்கக்கூடாது. நம்ம வேலையிலயாவது ரூட் காஸ் அனாலிசிஸ்னு ஒண்ணு பேருக்காவது உண்டு. 1962க்கும் ஒண்ணு எழுதினாங்க. ஹெண்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கை, 1963. 2014ல நெவில் மேக்ஸ்வெல்னு ஒரு பத்திரிகையாளர் ஒரு பகுதியை இணையத்துல போட்டார். அரசாங்கம் அறுபது வருஷம் தாண்டியும் வெளியிடலை. ஸ்வெட்டர் கேட்கறப்ப மட்டும் ஊரைக் கூட்டுவாங்க, கணக்குன்னா ரகசியம்!

பழைய கதைன்னு விடமுடியலை. 2020ல நாடாளுமன்றத்துல வெச்ச சி.ஏ.ஜி. அறிக்கையைப் படிங்க. சியாச்சின், லடாக் மாதிரி இடங்கள்ல நிக்கறவங்களுக்கு பனிக்கண்ணாடி பெரிய அளவுல பற்றாக்குறை. 2015 நவம்பர்லேர்ந்து 2016 செப்டம்பர் வரைக்கும் பூட்ஸ் வராம, இருக்கற பழசையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டியிருக்காங்க. அங்க ராத்திரி மைனஸ் 40, 50 டிகிரி போகும். ஜிப் போன ஜெர்கின் அங்க என்ன கிழிக்கும்?

இதையெல்லாம் பாட்டிகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "எல்லாம் சரிதான்டா. குளிர்ல நடுங்கறவன்கிட்ட, இருப்பா கணக்கு கேட்டுட்டு வர்றேன்னு சொல்லுவியா?"ன்னுச்சு. வாயடைச்சுப் போச்சு எனக்கு.

யோசிச்சுப் பார்த்தேன். பாட்டி சொல்றதும் நியாயம்தான். கொடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. வீட்ல கழிச்சதைப் பெட்டியில தள்ளிட்டு, கடமை முடிஞ்சதுன்னு காபி குடிக்கப் போகாதீங்கன்னுதான் சொல்றேன். பாட்டிக்கு 14 வயசு, கேள்வி கேட்கத் தெரியலை. நமக்கென்ன கேடு? தகவல் உரிமைச் சட்டம் 2005லேர்ந்து இருக்கு. உங்க தொகுதி எம்.பி.க்கு ஒரு கடுதாசி போட அஞ்சு நிமிஷம் ஆகாது. பூட்ஸ் ஏன் வரலை, இப்ப வந்தாச்சா, அந்த அறிக்கை எப்ப வரும்? இதைக் கேட்கறதும் தேசபக்திதாங்க.

பி.கு: அந்த தேசிய பாதுகாப்பு நிதி இன்னும் இருக்கு. படைவீரர்கள், அவங்க குடும்பங்களோட நலனுக்குப் போகுது. ஒரு நல்ல ஜெர்கின் விலையை அதுல கட்டிட்டேன். ரசீதை டீம் லீட்கிட்ட காட்டலை. பாட்டிகிட்ட காட்டினேன் :-)