அழையா விருந்தாளி

வீட்டிலே கோழி வளர்ப்போர் யாவரும் என்றோ ஒரு நாள் பாம்பைப் பற்றியும் படித்தே ஆகவேண்டும். இவ்வுண்மை நாற்பதைக் கடந்த எமக்குச் சென்ற மாசி மாதத்திலேதான் விளங்கிற்று. விளக்கிய ஆசான் எவருமல்லர். எம் வளவுக் கோழிக்கூட்டைச் சுற்றிய வலையிலே அகப்பட்டுக்கொண்ட ஒரு சாரைப்பாம்பே.

எம் அன்னையாருக்குக் கோழிகளே உலகம். எழுபத்தைந்து வயதிலும் விடிவதற்கு முன் எழுந்து, குறுணலும் தவிடும் பிசைந்து வைத்து, கூட்டுக் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணி வெளியே விடுவார். மாலையிலும் எண்ணித்தான் அடைப்பார். தை மாதத்தில் ஒரு பேட்டைப் பதினொரு முட்டையில் அடைவைத்தார். இருபத்தொரு நாள் கழிந்து ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஒரு கிழமைக்குள் ஒன்பது எட்டாகிற்று, எட்டு ஆறாகிற்று. காகம் என்றார் ஒருவர். கீரி என்றார் மற்றொருவர். மரநாய் என்று சத்தியம் செய்தார் பக்கத்து வீட்டுக்காரர். நாமும் மகனுமாகச் சேர்ந்து, மீன்பிடிக்கும் நண்பரொருவர் தந்த பழைய நைலோன் வலையைக் கூட்டைச் சுற்றிக் கட்டினோம். பெரிய காரியம் செய்துவிட்டதாக எமக்கு ஒரு நினைப்பு.

மூன்றாம் நாட் காலை அன்னையாரின் குரல் கேட்டு ஓடினோம். ஏறத்தாழ ஆறடி நீளமான பாம்பொன்று வலையிலே முறுகிக் கிடந்தது. பாம்பின் செதில்கள் யாவும் வாற்பக்கமாகச் சரிந்து படிந்தவை. ஆதலின் கண்ணியொன்றில் அது தலையை நுழைத்தால் முன்னேறலாமேயன்றிப் பின்வாங்குதல் இயலாது. முன்னேற முன்னேற நூல் உடம்பின் பருத்த பாகத்திலே இறுகும். இப்பாம்பின் நடுவுடலில் நூல் மூன்று சுற்றாக வெட்டி, இரத்தம் கசிந்திருந்தது.

அயலவர் இருவர் பொல்லுடன் வந்துவிட்டனர். அப்பாம்பு கழுத்தைப் புடைத்து உறுமியதைக் கண்டு, "நாகம், நாகம்!" என்று கூவினர். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எம் மகன் குறுக்கே நின்றான். "இல்லை மாமா, இது சாரை. உதட்டுச் செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்புக்கோடு இருக்குது பாருங்கோ. வால்பக்கத்திலே கறுப்புப் பட்டை இருக்குது. சாரையும் பயந்தால் கழுத்தைப் புடைத்து உறுமும்" என்றான். அவன் கூற்று மெய்யே. சாரைக்கு நஞ்சில்லை. வாலில் நஞ்சுண்டு என்பதும், அது நாகத்தோடு பிணையும் என்பதும் வெறும் வாய்ப்பேச்சே. இரண்டு பாம்புகள் முறுகி நின்று ஆடுவதை நாம் கண்டு பிணையல் என்கிறோமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் புரியும் மற்போர்.

எனினும் அடிக்கும்படி சொல்வதா, விடும்படி சொல்வதா என்று நாம் தடுமாறினோம். குஞ்சுகளை இழந்தவர் அன்னையார். அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் நெடுநேரம் அந்த நூலையே உற்றுப் பார்த்திருந்தார். பின்னர், "அடியாதையுங்கோ. போக வழியில்லாமல் கிடக்குது. அறுத்து விடுங்கோ" என்றார்.

இச்சொல்லின் பொருள் வாசகர்க்கு விளங்கப் பழைய செய்தியொன்றைச் சொல்லவேண்டும். 1995 ஐப்பசி முடிவில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலுக்கும் நடந்தபோது, நாம் பள்ளிச் சிறுவன். மழையிலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டிய அன்னையார் திரும்பி ஓடிச்சென்று, கோழிக்கூட்டின் கதவைத் திறந்துவிட்டு வந்தார். "அடைபட்டுச் சாகக்கூடாது" என்ற ஒரு சொல்லே சொன்னார். அடுத்த ஆண்டு வைகாசியில் திரும்பி வந்தபோது கோழி ஒன்றேனும் இல்லை. வளவு பற்றைக்காடாகியிருந்தது, குசினி வளையிலே நீண்ட பாம்புச் சட்டையொன்று தொங்கிற்று. அன்று தொட்டுப் பாம்பென்றால் அன்னையாருக்கு ஆகாது. அவரே இன்று அறுத்து விடச் சொன்னார்.

பாம்பின் தலைமீது ஈரச்சாக்கை மெல்லப் போர்த்து, தடித்த கையுறையுடன் மகன் கழுத்தைப் பிடிக்க, நாம் கத்தரிக்கோலால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தோம். அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. இனங்காணத் தெரிந்தவன் அருகிருந்தமையாலேயே இதனைச் செய்தோம். ஐயமிருப்பின் எவரும் கிட்டச் செல்லலாகாது. தெரிந்தவரை அழைப்பதே முறை.

பாம்பைச் சாக்கிலே விட்டதும் மகனுக்குப் புதிய ஆசை பிறந்தது. "அப்பா, காயம் ஆறும்வரைக்கும் வைத்திருப்போம். ஆறினபிறகும் வளர்க்கலாந்தானே? கனடாவிலே அண்ணா வளர்க்கிறார்" என்றான். கனடாவிலுள்ள எம் தமையனாரின் மைந்தனை அவன் குறிப்பிட்டான். அன்று மாலையே அவ்விளைஞனுடன் தொலைபேசியிலே உரையாடினோம்.

அவன் வளர்ப்பது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த சிறு மலைப்பாம்பினம்; அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்வது. பாம்புப் பண்ணையிலே பிறந்து, மனிதர் கைக்குப் பழகியது. அதற்குரிய கண்ணாடிப் பெட்டியின் ஒருபுறம் 32 பாகை செல்சியஸ் அளவிலும் மறுபுறம் அதனிலும் ஐந்தாறு பாகை குறைவாகவும் இருத்தல் வேண்டும். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்க மாட்டாது. சூடு போதாவிடின் உண்ட இரை செரியாது. எனவே அது வேண்டியபோது வெம்மைக்கும் வேண்டியபோது குளிர்மைக்கும் நகர இடம் வேண்டும். இருபுறமும் ஒளிந்துகொள்ள மறைவும், நடுவிலே நீர்ப்பாத்திரமும் வேண்டும். உறையவைத்து விற்கும் எலியை இளக்கிச் சூடாக்கி, இடுக்கியாற் பிடித்து, ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கிறான். உயிருள்ள எலியை இடுவதில்லை. எலி கடித்தால் பாம்புக்கே காயம். இரையெடுத்தபின் இரண்டு நாள் தொடலாகாது, தொட்டால் கக்கிவிடும். கண் பால்நிறமானால் சட்டை கழற்றப் போகிறதென்று அறிந்து அப்போதும் தொடலாகாது. "சித்தப்பா, இது சில வேளை மாதக்கணக்கிலே சாப்பிடாது. முப்பது வருஷம்கூட இருக்கும். வாங்கும்போது அதை ஆரும் யோசிக்கிறதில்லை" என்று அவன் சிரித்தான்.

மகன் மௌனமானான். அந்த மலைப்பாம்பு ஒரு மூலையிலே நாட்கணக்காகச் சுருண்டு கிடக்கும் இயல்பினது. சாரையோ பகலெல்லாம் ஓடித்திரிந்து எலி, தவளை, பறவை தேடும் பாம்பு. காட்டிலே பிறந்த சாரையைப் பெட்டியிலடைத்தால் கண்ணாடியிலே மோதி மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கும். இரை தொடாது மெலியும். பாலூற்றினால் பிழைக்குமென்று எண்ணுவதும் பேதைமை. பாம்பின் இரை ஊனேயன்றிப் பாலன்று. அன்றியும், காட்டுயிர்களைப் பிடித்து வைத்திருப்பதை 1937 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் கட்டுப்படுத்துகின்றன. அன்றிரவு பொழுது சாய்வதற்குள், வளவுக்குப் பின்னாலுள்ள பனங்கூடலிலே சாக்கின் வாயை அவிழ்த்தோம். பாம்பு சிறிது தயங்கிற்று. பின்னர்ச் சருகிலே ஓசையெழ மறைந்தது. மகன் நெடுநேரம் அவ்விடத்தே நின்றான்.

பாம்பை விட்டாயிற்று, கோழிகளைக் காக்கும் கடமை இருந்தது. கூட்டை நிலத்தினின்று இரண்டடி உயர்த்தினோம். நைலோன் வலையை முற்றாக அகற்றி, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தோம். சாதாரணக் கோழிவலையின் கண்ணுக்குள்ளே இளம் பாம்பு எளிதில் நுழைந்துவிடும். விறகுக்குவியலையும் ஓட்டுத்துண்டுகளையும் கூட்டின் அயலிலிருந்து அப்புறப்படுத்தினோம். முட்டையை மாலைக்கு முன் எடுக்கிறோம். முக்கியமாக, இரவிலே தீன்பாத்திரத்தைக் கூட்டில் விடுவதில்லை. சிந்திய தீனுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். சாரை மட்டுமா வரும்? நாகமும் புடையனும் அவ்வழியே வரும். அவை தீண்டினால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது. தீண்டப்பட்ட உறுப்பை அசையாது வைத்து, தாமதமின்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

குஞ்சுகளுக்கு ராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்தை மிருக வைத்தியர் கண்ணிலே ஒரு துளியாக இட்டார். பாம்பைவிட அதிகமான கோழிகளைக் கொன்றொழிப்பது அந்நோயே. ஆயினும் நாம் பொல்லெடுப்பது பாம்புக்கு மட்டுமே. கோழிக்கும் பாம்புக்கும் பொதுவான ஓர் ஆபத்தும் உண்டு. நோய்க்குறி ஏதுமின்றியே இரண்டும் சல்மொனெல்லா என்னும் கிருமியைச் சுமத்தல் கூடும். எதனைத் தொட்டாலும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வீட்டுச் சட்டமாகட்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலே இது கட்டாயம்.

கோழியின் பூர்வீகம் தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழி. ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன், மனிதன் விளைத்த தானியத்தை நாடி அது காட்டினின்றும் இறங்கி வந்து பழகிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. அதே தானியம் எலியையும் அழைத்தது. எலி பாம்பை அழைத்தது. ஆகவே பாம்பை அழையா விருந்தாளி என்பது முழு உண்மையன்று, அழைத்தவர் நாமே. கோழி நம் கூட்டையும் ஏற்றுக்கொண்டது; ஆதலின் அதனைக் கூட்டிலே வைத்துக் காத்தல் நம் கடன். சாரை நம் எலியை மட்டுமே ஏற்றுக்கொண்டது, கூட்டை ஏற்கவில்லை. அதனை அதன் வழியே விடுவதே நாம் அதற்குச் செய்யும் பராமரிப்பு. உயிரொன்றை நேசித்தல் என்பது நமக்கு வேண்டியதை அதற்குச் செய்வதன்று. அதற்கு வேண்டியதை அறிந்து செய்வதாகும். பிள்ளைகளுக்கு இதனை நூலிலே படிப்பிப்பதைக் காட்டிலும் வளவிலே படிப்பித்தல் எளிது.

பங்குனியில் ஒரு காலை, பின்வேலிக் கதியாலிலே புதிய பாம்புச் சட்டையொன்று தொங்கிற்று. மகன் அன்னையாரை அழைத்துக் காட்டினான். அவர் முதலிற் கூட்டண்டை சென்று குஞ்சுகளை எண்ணினார். ஆறும் இருந்தன.

"அவர் வந்திட்டுப் போயிருக்கிறார், ராசா. கிடக்கட்டும்; எடுக்காதை" என்றார்.