தொண்டுக்கு வருவோர் முதலில் கேட்கட்டும்

விடுமுறை நாட்களில் தொண்டு செய்யவென நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர், யுவதிகள் வன்னிக்கு வருகின்றனர். அவர்களை வரவேற்கிறோம். ஆயினும் "நாமும் தமிழர்தானே, புதிதாக அறிய என்ன இருக்கிறது?" என்ற எண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மசாய் மக்களிடையே சிறுவர் தலை தாழ்த்த, பெரியோர் தலையைத் தொட்டு வாழ்த்துவது மரபு. கென்யாவுக்குத் தொண்டு செய்யப் போகிறவர் இதைப் படித்துக்கொண்டு போக வேண்டுமென்றால், பூவரசங்குளம் பக்கம் வருபவருக்கும் அந்தக் கடமை உண்டு.

வவுனியா மாவட்டத்தில் குளத்தையும் வயலையும் நம்பிய பழைய குடிகள் உள்ளனர். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோரும் உள்ளனர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இந்த வரலாறு அறியாமல் "தோட்டக்காட்டார்" என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னாலும் அது நெஞ்சைச் சுடும். பிறகு அவர் நடத்தும் சுகாதார வகுப்புக்கு யார் வருவர்?

1970களில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீயம், இம்மக்களைக் குடியமர்த்தியது. அதன் தொண்டர்கள் கிராமங்களில் பாலர் பாடசாலைகள் நடத்தினர். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இங்கே தொண்டுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் வருவோர் அறிய வேண்டும்.

ஆகவே முதல் மூன்று நாட்கள் வேலை எதுவும் தொடங்க வேண்டாம். பெரியவர்களோடும் தாய்மாரோடும் இருந்து கேளுங்கள். காலபோக விதைப்பு எப்போது, மாசியில் காமன் கூத்து ஆடுவோர் யார் என்று விசாரியுங்கள். விதைப்பு நாளில் கூட்டம் வைத்துவிட்டு மக்களுக்கு அக்கறையில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள்.