புற்றை இடித்தால் கறையான் போகாது

கடலை விதைத்து ஒரு மாதம் தாண்டிவிட்டால் ஆலங்குடிப் பக்கத்து உரக்கடைகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கறையானுக்கு என்ன மருந்து இருக்கு?" நேற்றுவரை பச்சையாக நின்ற செடி இன்று வாடிக் கிடக்கும். பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் குடையப்பட்டு உள்ளே மண் அடைந்திருக்கும். அதற்குத் தப்பிய செடியிலும் காய் முற்றும் நேரத்தில் ஓட்டைச் சுரண்டி வைத்துவிடும். சுரண்டிய காயில் பூஞ்சை ஏறும். பூஞ்சையோடு அஃப்ளடாக்சின் நஞ்சும் ஏறும். வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். விவசாயி அடுத்த போகத்துக்கு விதைப்பதற்கு முன்பே குளோர்பைரிபாஸ் பாட்டிலோடு வயலில் இறங்குவார்.

விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், கறையானை இந்த அளவுக்குப் பயிர்ப் பகையாக்கியது கறையான் இல்லை, நிலத்தை நாம் மாற்றிய விதம் என்பதே என் கட்சி. புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் கடலைக் கொல்லையும் உண்டு. அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு மேற்கே முன்பு ஒரு காடு கிடந்தது. யானை, புலி உலவும் காடு அல்ல. செம்மண்ணும் சரளையுமான மேட்டுநிலத்தில் காசா, வீரை, உலக்கைப்பாலை, உசிலை, காரை, சூரை என்று இடுப்பளவும் ஆளுயரமுமாக மண்டிய வறண்ட காடு. நடுநடுவே புற்றுகள். ஆடு மாடு அங்கேதான் மேயும். அடுப்புக்கு முள்ளும் சுள்ளியும் அங்கிருந்துதான் வரும். இடிமழை பெய்த மறுநாள் புற்றுக்காளான் பறிக்கப் போவோம். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் விளக்கேற்றி வைத்துப் பிடித்து, இறகைப் புடைத்துவிட்டு வறுத்து, பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து தின்போம்.

இந்த ஈசல் வேட்டை உலக அறிவியலிலும் பதிவாகியிருக்கிறது. லின்னேயஸின் மாணவரும் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான யோஹன் கெர்ஹார்ட் கோனிக், தஞ்சாவூர்ச் சீமைக் கறையான்களைப் பார்த்து 1779-இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றின் ஒரு பக்கம் துளையிட்டுப் புகை போட்டு, மறுபக்கத் துளையில் பானையை வைத்து ஈசல் பிடிப்பதையும், அதை மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து விற்பதையும் எழுதினார். கறையானைப் பற்றிய முதல் விரிவான அறிவியல் எழுத்துகளில் ஒன்று நம் மண்ணில் பிறந்திருக்கிறது.

எங்கள் மேற்குக் காடு வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. திட்டக் கணக்கில் தரிசு. தரிசு நில மேம்பாட்டுக்கென மத்திய அரசு 1985-இல் தனி வாரியமே அமைத்தது. நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் ஒரு வகைத் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையாவது கொண்டுவந்தாக வேண்டும். எங்களுக்குத் தைலமரம் வந்தது. பொக்லைன் இறங்கிப் புதரையும் புற்றையும் ஒன்றாக வாரியது. ஆழ உழுது, சுற்றிலும் வரப்பெடுத்து, வரிசை வரிசையாகக் கன்று வைத்தார்கள். ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக் காகித ஆலைக்கு ஏற்றுகிறார்கள். கட்டையில் மறுபடி தளிர்க்கிறது. வரப்பு மறித்ததால் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் வரவில்லை என்பது ஊரார் பல காலமாகச் சொல்லிவரும் குறை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேர் பரப்பில் மர நிழல் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய மரம் என்ற கேள்வி இல்லை. புதர்க்காடு அந்தக் கணக்கில் சேராது. ஆக, காசாவையும் வீரையையும் அழித்துத் தைலமரம் வைத்தால் காகிதத்தில் காடு கூடுகிறது. தரைக்குக் கீழே என்ன குறைந்தது என்று பார்ப்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

கீழே குறைந்தது எது? உலகில் கறையான் இனங்கள் ஏறக்குறைய மூவாயிரம். இந்தியாவில் முந்நூறு அளவில். பயிரையும் வீட்டு மரத்தையும் கெடுப்பவை அவற்றில் மிகச் சில. மற்றவை காய்ந்த புல்லையும் சருகையும் பட்ட மரத்தையும் மட்கிய மண்ணையும் தின்று வாழ்பவை. மண்புழு வேலை செய்ய ஈரம் வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும் எங்கள் மாதிரி நிலத்தில் அந்த வேலையைக் கறையான்தான் பார்க்கிறது. நம் பக்கத்துப் புற்றுக் கறையான் தனியாகவும் அந்த வேலையைச் செய்வதில்லை. மென்ற சருகைக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் அறை அறையாக அடுக்கி, அதில் பூஞ்சை வளர்க்கிறது. மரத்தின் கடினப் பகுதியைப் பூஞ்சை பதப்படுத்திக் கொடுக்க, பிறகு அதைத் தின்கிறது. நாம் பறித்த புற்றுக்காளான் அந்தப் பூஞ்சை பூத்ததுதான். காளான் பண்ணைக்காரர்கள் எவ்வளவோ முயன்றும் சிப்பிக்காளான்போல அதை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை. புற்று போனால் அதுவும் போயிற்று.

பள்ளியில் இருந்தபோது மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்வேன். இரண்டு முனையும் வெட்டிய பால்மாவு டப்பாவை மண்ணில் நாலு விரல் இறக்கி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. அய்யனார் கோயில் காட்டில், விழுந்து கிடக்கும் பனைமட்டை ஒன்றைப் புரட்டுவோம். அடியில் ஈரமான மண்பூச்சு இருக்கும். அதை நகத்தால் கீறினால், கண் தெரியாத வெள்ளை வேலைக்காரக் கறையான்கள் ஓடி ஒளியும்; தவிட்டு நிறத் தலைக் காவல் கறையான்கள் கீறிய வாயில் வந்து கிடுக்கியை விரித்து நிற்கும். விரல் வைத்தால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அங்கே மண் ரவையாக உதிரும். ஊசி நுழையும் துளை முதல் பென்சில் நுழையும் துளை வரை கிடக்கும். டப்பாவில் ஊற்றிய தண்ணீர், பையன்கள் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிடும். பக்கத்துத் தைலமரத் தோப்பில் அதே டப்பாவில் தண்ணீர் தேங்கி நிற்கும். வாய்ப்பாடு தீர்ந்து பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பள்ளிக்கூடச் சோதனை என்று தள்ளிவிடுகிறவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே கோதுமை வயலில் ஒரு பகுதியில் எறும்பையும் கறையானையும் விட்டுவைத்து, மற்றொரு பகுதியில் மருந்து வைத்து ஒழித்துப் பார்த்தார்கள். விட்டுவைத்த பகுதியில் விளைச்சல் 36 சதவீதம் கூடுதல் என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மண்ணுக்குள் தண்ணீர் கூடுதலாக இறங்கியதும் தழைச்சத்து ஏறியதுமே காரணம். புர்கினா பாசோ நாட்டில் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி, 1980களின் வறட்சியில் கல்லாய் இறுகிப்போன நிலத்தில் குழி தோண்டி, அதில் எருவும் சருகும் போட்டார். அந்த எருவைத் தேடிக் கறையான் வந்தது. அது போட்ட துளைகள் வழியே மழைநீர் இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்து, பின்னர் காடே எழுந்தது. 2018-இல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. கறையானை வயலுக்குக் கூப்பிட்டவருக்கு உலகம் பரிசு கொடுத்தது.

அப்படியானால் என் கடலைச் செடியை ஏன் தின்கிறது? இதற்கும் ஆப்பிரிக்காவில் விடை இருக்கிறது. நைஜீரியாவின் மோக்வா வட்டாரம் மரமும் புல்லும் கலந்த வறண்ட காட்டுப் பகுதி. காட்டைத் திருத்தி வயலாக்கும்போது கறையான்களுக்கு என்ன ஆகிறது என்று டி.ஜி. வுட் என்ற பூச்சியியலாளரும் அவருடைய குழுவினரும் 1970களில் அங்கே ஆராய்ந்தார்கள். புற்றுக் கட்டுபவை, புல் தின்பவை, மண் தின்பவை ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்று மட்டும் நிலைத்துப் பெருகியது: மைக்ரோடெர்மிஸ் என்ற சிறு கறையான். அது புற்றுக் கட்டுவதில்லை. அதன் அறைகள் கலப்பை எட்டாத ஆழத்தில் சிதறிக் கிடக்கும். போட்டிக்கு ஆள் இல்லை, தின்னச் சருகும் இல்லை. நின்ற பயிரில் வாய் வைத்தது. நம் நிலக்கடலையின் வேரைக் குடைகிற கூட்டத்திலும் அந்த மைக்ரோடெர்மிஸ் உண்டு.

புற்றை இடித்தோம்; புற்றில்லாத கறையான் தங்கிவிட்டது. சுள்ளி, சருகு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனோம்; பட்டதைத் தின்றது பச்சையில் கைவைக்கிறது. தைலமரக் கன்றுக்கும் இதே கதைதான். நட்ட முதல் ஓரிரு ஆண்டில் அதன் வேரையும் பட்டையையும் கறையான் தின்னும். அதனால் நடும் குழியிலேயே மருந்து போடுவது வழக்கமாயிற்று. காட்டை எடுத்ததால் வந்த தொல்லைக்கு, காட்டை எடுத்த இடத்திலேயே நஞ்சு.

அந்த நஞ்சும் ஏப்பை சாப்பையானது அல்ல. உலக அளவில் விலக்க வேண்டிய நிலைத்த நஞ்சுகளின் பட்டியலில், சில விலக்குகளோடு, குளோர்பைரிபாஸை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் 2025-இல் சேர்த்துவிட்டன. எங்கள் உரக்கடை அலமாரியை நம்பி இன்னும் எத்தனை போகம் ஓட்ட முடியும் என்பதை விவசாயிகள் இப்போதே யோசிப்பது நல்லது.

"வீட்டு நிலையை அரித்துவிட்டால் தெரியும் சேதி" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நிலையை அரித்தால் நானும் ஆள் கூப்பிட்டு மருந்து அடிப்பேன். வீட்டுக்குள் வந்த ஒன்றிரண்டு இனத்துக்காகக் காட்டில் இருக்கும் அத்தனையையும் ஒழிப்பதைத்தான் கூடாது என்கிறேன். புற்றை நம்பி இருப்பது கறையான் மட்டுமல்ல. அலங்கும் கரடியும் அதைத் தின்று வாழ்கின்றன. உடும்பு புற்றில் முட்டையிடுவதுண்டு. பாம்பு குடியேறுவதைப் பழமொழியே சொல்லும். திருவாரூரில் வன்மீகநாதராகவும் ஊருக்கு ஊர் அம்மனாகவும் புற்றைக் கும்பிடுகிற நமக்கு, மஞ்சள் பூசாத புற்று மட்டும் மண்மேடாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அரசு முதலில் புதர்க்காட்டைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். புறம்போக்கில் தோப்பு வைக்கவோ, மனை பிரிக்கவோ, சூரிய மின்தகடு பதிக்கவோ அனுமதி கொடுக்கும் முன் மரத்தை எண்ணுவதுபோலப் புற்றையும் எண்ண வேண்டும். புற்று மிகுந்த பகுதியைப் புதரோடு ஒதுக்கிவிட வேண்டும். வெட்டு முடிந்த தைலமரத் தோப்புகளில் ஒரு பங்கையாவது மறுபடி தளிர்க்க விடாமல், காசாவும் வீரையும் தாமாக எழ இடம் கொடுக்க வேண்டும். நூறு நாள் வேலையில் ஏரிக்கரை, ஓடைக்கரைப் புதரை வழித்தெடுப்பதை ஒரு சாதனையாக எழுதிக்கொள்வதை நிறுத்த வேண்டும்.

விவசாயிகளுக்கு: வரப்போரப் புற்றை இடிக்காதீர்கள். பனைமட்டையும் தென்னைமட்டையும் கொளுத்தப்படாமல் வேலியோரம் கிடக்கட்டும். கறையானுக்கு அங்கே சாப்பாடு இருந்தால் வயலில் அதன் வேலை குறையும். கடலைக்கு நன்றாக மட்கிய எருவை மட்டும் போடுங்கள். மட்காத எரு அதை விதைக்கு நடுவிலேயே அழைத்து வரும். செடி வாடுவதைப் பார்த்த பிறகு மருந்தைப் பற்றி யோசியுங்கள். பார்ப்பதற்கு முன்பே ஊற்றாதீர்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் வழக்கமாகக் குடிநீர், சாலை, தெருவிளக்கு பேசுவோம். இந்த முறை ஒரு தீர்மானம் சேர்த்துப் போடுங்கள்: ஊர்ப் புறம்போக்கில் புற்றும் புதரும் நிற்கும் இடத்தில், சபையைக் கேட்காமல் பொக்லைன் இறங்கக் கூடாது.