மஞ்சள் வழக்கும் நமது கடமையும்

புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சளை உபயோகிக்கும் முறைக்கு, 1995-ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் வைத்திய நிலையத்துக்குப் பேடண்ட் உரிமை வழங்கினர். நம் பாட்டிமார் கையாண்டு வந்த சிகிச்சையைப் பிறர் தமது கண்டுபிடிப்பென்று பதிவு செய்துகொண்டது கண்டு நம்மவர் உள்ளம் கொதித்தது. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் 32 ஆதாரங்களைக் காட்டி ஆட்சேபித்தது. 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. அவ்வெற்றி நமக்குப் பெருமை தருவதென்பதில் ஐயமில்லை.

எனினும், அத்தீர்ப்பின் பொருளை நம்மவரிற் பலர் பிழைபட உணர்ந்திருக்கின்றனர். அங்கு விசாரணைக்கு வந்த விஷயம், அவ்வுபயோகம் புதியதா, பழையதா என்பதொன்றே. பழையதென்று நிரூபித்தோம், வென்றோம். மஞ்சள் எந்நோயை, எவ்வளவில் தீர்க்கும் என்பது அவ்வழக்கில் தீர்மானிக்கப்பட்டதன்று. பழைமைக்கு ஆதாரம் வேறு. பயனுக்கு ஆதாரம் வேறு. இவ்விரண்டையும் குழப்பி, மஞ்சட் சத்தைக் குளிகைகளாக்கி, புற்றுநோய் முதலாகச் சகல வியாதிகளும் நீங்குமென்று விளம்பரம் செய்வோர் இன்று மலிந்துவிட்டனர்.

உண்மை யாது? மஞ்சளுக்கு நிறந்தருவது குர்குமின் என்னும் பாலிபீனால். உலர்ந்த மஞ்சளில் அது நூற்றுக்குச் சுமார் 3 பங்கே. ஆராய்ச்சிச் சாலையில் அது அழற்சியைத் தணிப்பது மெய்தான். ஆனால், உண்டால் அது எளிதில் இரத்தத்திற் சேர்வதில்லை. 1998-இல் பெங்களூர் வைத்தியக் கல்லூரியொன்றின் ஆராய்ச்சியாளர், மிளகின் சத்தாகிய பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, அது 20 மடங்கு மிகுதியாகச் சேரக் கண்டனர். இரத்தத்திற் சேர்ந்ததால் நோய் தீர்ந்ததென்று கொள்ளலாகாது. நூற்றிருபதுக்கு மேற்பட்ட மனிதப் பரிசோதனைகளைக் கருத்திற்கொண்டு 2017-இல் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையொன்றில் வெளிவந்த மதிப்புரை, மருந்து எது, போலி எது என்று கொடுப்பவரும் உண்பவரும் அறியாவண்ணம் நடத்திய பரிசோதனை ஒன்றேனும் வெற்றி பெறவில்லையென்று கூறிற்று. மூட்டுவலி சிறிது தணிந்ததாகச் சில சிறு பரிசோதனைகள் கூறுவதை நாம் மறைக்கவில்லை. அவற்றை விரிவாக நடத்திப் பார்ப்பதே முறை. 2019-இல் இத்தாலியில் இத்தகைய குளிகைகளை உண்டோர் சிலருக்கு ஈரல் அழற்சி கண்டது என்பதையும் மறத்தலாகாது.

குழம்பில் இடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பலவகைப் பாலிபீனால்கள் அடங்கிய காய், கனி, கீரை, பருப்புகளை நிறைய உண்பவரிடத்தில் இருதய நோய் குறைவாகக் காணப்படுகிறது. அது முழு உணவோடு சேர்ந்த பலன். ஒரு சத்தை மட்டும் பிரித்துக் குளிகையில் அடைத்தால் அதே பலன் கிட்டுமென்பதற்குச் சாட்சியமில்லை.

புற்றுநோய், நீரிழிவு முதலியவற்றைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. சர்க்கார் அதைச் செலுத்த வேண்டும். குணமுண்டென்று கூறுவோன் மீதே அதை நிரூபிக்கும் பொறுப்பு சார்கிறது. விளம்பரத்தை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தும் ஏழை நோயாளி இழப்பது பணம் மட்டுமன்று. சிகிச்சைக்குரிய காலத்தையும் இழக்கிறான். அது மீளாது.

மஞ்சள் நம்முடையதென்று 1997-இல் உலகை ஒப்புக்கொள்ளச் செய்தோம். அதன் குணத்தை நமது ஆராய்ச்சிச் சாலைகளிலேயே நடுநிலையோடு சோதித்து, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுவதே இனி நமது தேசாபிமானத்துக்கு அழகாகும்.